ஏழாம் கம்பத்து வளைவு

என் மனைவியின் வலது முழங்கை இன்றும் முழுதாக நீளாது. கொடியில் துணி போட இடது கையைத்தான் தூக்குவாள். அவள் விழுந்தது நான் ஓட்டிய வண்டியிலிருந்து. குமணன்சாவடியிலிருந்து பாரிவாக்கம் பக்கம் போகும் வழியில், எங்கள் தெருவுக்குச் சற்று முன்னால், ஏரிக் கால்வாயின் மேல் ஒரு பழைய செங்கல் பாலம் இருக்கிறது. இரண்டு கைப்பிடிச் சுவர்களுக்கும் நடுவே பதினொன்றரை அடி. எதிரே வேன் வந்தது, ஒதுங்கினேன், ஹேண்டில்பார் சுவரில் உரசியது. மாலை ஆறு இருபது. மழை இல்லை, வெளிச்சம் இருந்தது, என் வேகம் இருபதைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தபோதே இவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை. அங்கே ஒரு உதிரிப்பாகம் சரியில்லை என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எந்த இடத்தில், எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால்தான் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தில் பாலத்துக்கென்று தனி நோட்டு ஒன்று போட்டேன். எங்கள் சாலையில் யார் விழுந்தாலும் நாள், நேரம், வண்டி, அடி, இடம். இடத்துக்கு மின்கம்பத்தின் எண்ணை எழுதினேன். கம்பங்களில் மஞ்சள் பெயின்ட்டில் எண் போட்டிருக்கிறது. பாலம் மூன்றாம் கம்பம். பாலம் இறங்கி தெருவுக்குள் வந்ததும் சாலை இடதுபக்கம் வளைகிற இடம் ஏழாம் கம்பம். கம்பத்திலிருந்து எத்தனை அடி என்பதையும் டேப் பிடித்து அளந்துகொள்வேன்.

வளைவில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தவருக்கு நான் ஒரு வேடிக்கை.

"இன்னா சார், இன்னிக்கி யாரு உய்ந்தா?" என்பார் என் கையில் டேப்பைப் பார்த்ததும். "எமன் ஆபீஸ்ல கிளார்க் வேலை வாங்கிட்டியா? உய்ந்தவனே எய்ந்து, கால உதறிகினு, டீயும் குடிச்சிட்டுப் பூட்டான். நீ இன்னும் அளந்துகினு கீற."

"எழுதினாத்தான்ப்பா புதுப் பாலம் வரும்."

"வரும் வரும். அதுக்குள்ள எங்க கடைக்கு இன்னும் நாலு வண்டி வரட்டும்."

ஏழாம் கம்பத்துக்கு நேர் எதிரே டீச்சர் வீடு. பூந்தமல்லியில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவியும் அவரிடம் படித்தவள்தான். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். எங்கள் தெருவே கத்தோலிக்கக் குடும்பங்கள் கட்டிய தெரு. மரச் சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், பச்சை மரச் சட்டம் போட்ட ஜன்னல்கள் என்று ஐந்து வீடுகள் ஒரே வரிசையில் மிஞ்சியிருந்தன. அதில் டீச்சர் வீடு மூன்றாவது. முன்னால் இரண்டு உருண்டைத் தூண்கள் வைத்த வராந்தா. அந்த வராந்தாவின் மூலை சாலையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். என் வீடு எதிர் வரிசையில். தாத்தா கட்டியதை அப்பா இடித்துக் கான்கிரீட் தளம் போட்டதால் அதில் பழையதென்று எதுவும் கிடையாது.

பாலத்தை இடித்து அகலமாகக் கட்ட வேண்டும் என்று நான் மனு எழுதினேன். பாலத்தைத் தொடக்கூடாது என்று டீச்சர் மனு எழுதினார். பாலமும் ஐந்து வீடுகளும் ஒரே காலத்தவை, இரண்டையும் பழமைச் சின்னமாகப் பாதுகாக்க வேண்டும், புதுப் பாலத்தை மேல்பக்கம் காலி மனை வழியாகக் கொண்டுபோங்கள் என்பது அவர் கோரிக்கை. இரண்டு மனுவுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கையெழுத்து வாங்கினோம். என் மனைவி இரண்டிலும் போட்டாள்.

"பாலம் அகலமானா லாரி உள்ள வரும் தம்பி. லாரி வந்துட்டா தெருவுன்னு ஒண்ணு இருக்காது," என்றார் டீச்சர்.

"இவ கை போச்சே டீச்சர்."

"அதுக்குப் பாலம் என்ன பண்ணும்? நீங்க நின்னு வந்திருக்கலாம்."

"அதை நான் சொன்னா இவருக்குக் கோவம் வரும் டீச்சர். நீங்க சொல்லுங்க, கேட்டுக்குவார்," என்றாள் என் மனைவி.

மூன்று பேரும் சிரித்தோம். அன்றைய குறிப்பில் "டீச்சருடன் வாக்குவாதம், காலை 9.40, சுமுகம்" என்று எழுதியிருக்கிறேன்.

என் மனுவைப் பார்த்து நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். முப்பது வயதிருக்கும், பொறுமையானவர். கால்வாயில் இறங்கிப் பாலத்து வளைவின் அடிப்பக்கச் செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். கனமான வண்டிகளை இது அதிக நாள் தாங்காது என்றார். நான் நோட்டைக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டியவர் வண்டியின் பானட் மேல் அதை விரித்து வைத்துக்கொண்டார்.

"சார், எங்க ஆபீஸ்லயே இப்படி ஒரு ரெக்கார்டு கிடையாது. காப்பி எடுத்துக்கலாமா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. நானே கடைக்குப் போய் நகல் எடுத்து, முனை மடங்காமல் உறையில் போட்டுக் கொடுத்தேன். இதில் நான் செய்த பிழை ஒன்று. பதினான்கு விபத்துகளை எழுதியிருந்தேனே தவிர, கம்பம் வாரியாகக் கூட்டிப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு நாளும் அப்படி விட்டதில்லை. இங்கே விட்டுவிட்டேன், ஏனென்றால் விடை எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருந்தேன். என் மனைவி விழுந்தது பாலத்தில்.

டீச்சர் மனுவுக்கும் பதில் வந்தது. பழைய கட்டடங்களை ஆய்வு செய்யும் குழு ஒன்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவைப் பார்வையிடும் என்று கடிதம். டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் போனார்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. கோயிலுக்கு ஆயர் வருகிறார் என்றால், புதுச் சாமியார் பொறுப்பேற்கிறார் என்றால், வீட்டு முகப்பு பெயின்ட் ஆகிவிடும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் ஏணி வைத்தால் அடுத்தவர் வைப்பார். செவ்வாய்க்கிழமை முதல் வீட்டில் வேலை ஆரம்பித்தது. புதன்கிழமை ஐந்து வீட்டிலும் சுரண்டல் சத்தம். பழைய சுண்ணாம்பு பொரிந்து கிடந்த இடங்களைச் சுரண்டி, பட்டி பூசி, எமல்ஷன் பெயின்ட் அடித்தார்கள். ஒரு வீடு ஊதா. ஒரு வீடு கிளிப்பச்சை. ஒன்றில் மர ஜன்னலையே கழற்றிவிட்டு அலுமினிய ஜன்னல் வைத்தார்கள். டீச்சர் இளம் மஞ்சள் எடுத்தார். தூண்களின் அடியில் ஈரம் ஏறிக் கறுத்திருந்ததால் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டச் சொன்னார்.

"வர்றவங்க முன்னாடி வீடு அழுக்கா நிக்கலாமா தம்பி? நல்லா இருக்கா?"

நல்லா இருக்கு டீச்சர் என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. டைல்ஸின் இணைப்புக் கோடுகள் நேராக இருந்தன. அதைத்தான் நான் பார்த்தேன்.

குழுவில் மூன்று பேர். நடுவயதுப் பெண் ஒருவர்தான் பேசினார். தூணின் டைல்ஸை நகத்தால் தட்டினார்.

"இது எப்பப் போட்டது?"

"நேத்துத்தான் மேடம்!" என்றார் டீச்சர். "புதுசு மாதிரி இல்ல?"

அந்தப் பெண் டீச்சர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சுவரைத் தொட்டார். விரலில் மஞ்சள் ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "பின்னாடி ரூம்ஸும் அடிச்சாச்சா?" என்று கேட்டார். "பணம் பத்தல மேடம், முன்பக்கம் மட்டும்தான்," என்று டீச்சர் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். காபி கொடுத்தோம். பாலத்தைப் பார்க்கப் போனார்கள். அது யாருக்கும் சொந்தமில்லை, அதனால் அதற்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. செங்கல் இடுக்கில் அரசங்கன்று, ஆண்டு பொறித்த கல்லில் கடைசி எண் தேய்ந்து போயிருந்தது. அங்கே ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்தார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கோயில் பள்ளியின் ஹாலில் நடந்தது. புது அடுக்குமாடிகளிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். காலையில் ஆபீஸ் போக அந்தப் பாலத்தில் கால் மணி நேரம் நிற்கிறவர்கள். பொறியாளர் திரையில் வரைபடத்தைக் காட்டினார். குழுவின் அறிக்கையை முதலில் படித்தார். பாலம் பழமை மாறாமல் உள்ளது, பாதுகாக்கத் தகுந்தது. வீடுகள் அண்மையில் மாற்றியமைக்கப்பட்டுள்ளன, பரிந்துரைக்க இயலவில்லை.

டீச்சர் எழுந்தார். "பெயின்ட்தான் சார் அடிச்சோம். வீட்டை மாத்தலையே?"

"புரியுது மேடம். ரிப்போர்ட்ல அப்படி இருக்கு."

அடுத்த படம் வந்தது. எங்கள் சாலை, கம்பங்கள், சிவப்புப் புள்ளிகள். பாலத்தில் இரண்டு புள்ளி. அங்கங்கே மூன்று. ஏழாம் கம்பத்தில் ஒன்பது, ஒன்றன்மேல் ஒன்றாக.

"உள்ளூர்க்காரர் ஒருத்தர் எழுதி வச்ச குறிப்பு இது," என்றார். "பாலத்துல யாரும் அதிகம் விழல. குறுகலா இருக்கறதால பயந்து மெதுவா வர்றாங்க. பாலம் தாண்டினதும் வேகம் எடுக்கறாங்க. வளைவுல எதிர வர்றது தெரியல. அந்த வராந்தா மறைக்குது."

அது என்னுடைய குறிப்பு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கம்பத்து எண்ணும் அடிக்கணக்கும் எழுதுகிறவன் அந்த ஹாலில் ஒருவன்தான். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வரிசை முன்னால் அவர் பின்தலை அசையாமல் இருந்தது.

முடிவு எளிமையாக இருந்தது. பழைய பாலத்தை இடிக்க மாட்டார்கள். வேலி போட்டு வைப்பார்கள். அதற்குப் பக்கத்தில், டீச்சர் வரிசைப் பக்கமாக, புதுப் பாலம் வரும். அங்கிருந்து சாலை வளையாமல் நேராக வரும். நேராக வந்தால் ஐந்து வீடுகளின் முன்பகுதி போகும். மேல்பக்கக் காலி மனையைப் பற்றி டீச்சர் கேட்டார். அதில் மனைப்பிரிவுக்கு முன்பே அனுமதி கொடுத்தாகிவிட்டது என்றார்கள். பின்னால் அடுக்குமாடிக்காரர் ஒருவர், "பாலத்தையும் காப்பாத்தியாச்சு, ரோடும் வருது, இதைவிட பேலன்ஸா எப்படி சார் பண்ண முடியும்?" என்றார். கை தட்டினார்கள். அவர் கெட்டவர் இல்லை. அவர் மனைவி ஏழு மாத வயிற்றோடு அந்த வளைவில் விழுந்தவள். ஒன்பது புள்ளிகளில் ஒன்று.

டீச்சர் கேட்டது பாலம். கிடைத்தது. நான் கேட்டது பாதுகாப்பான சாலை. அதுவும் கிடைத்தது. வீடு மட்டும் யாருடைய மனுவிலும் முதல் வரியில் இல்லை. அவர் மனுவில்கூட அது பாலத்துக்கு அடுத்துத்தான் வந்தது. பாலத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது, கல்வெட்டு இருந்தால் அரசாங்கம் நம்பும், பாலம் நின்றால் வீடும் தானாக நின்றுவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அளவுக் குறி போட சர்வேயர் வந்த நாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. உதவியாள் வரவில்லை என்று தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் இந்த முனையைப் புடிக்கிறீங்களா?"

பிடித்தேன். சாலையின் புது நடுக்கோட்டிலிருந்து டீச்சர் வீட்டுப் பக்கமாக டேப்பை இழுத்துக்கொண்டு போனார். டேப் நடுவில் தொங்கியது. குறி தூணுக்கு வெளியே, சாலைப் பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. அதாவது தூண் தப்பியது. அவர் சிவப்புச் சாக்பீஸை எடுத்துக் குனிந்தார்.

"டேப் தொய்யுது சார்," என்றேன்.

இப்போது எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. தொங்கும் டேப்பில் ஒருவர் குறி போடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் கை தானாக இழுத்துப் பிடித்தது. டேப் விறைத்தது. குறி நகர்ந்து தூணின் நடுவுக்குப் போனது. "கரெக்ட் சார், நன்றி," என்று சொல்லி டைல்ஸ் மேல் சிவப்புக் கோடு போட்டார்.

டீச்சர் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சர்வேயர் அடுத்த வீட்டுக்குப் போனபின் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த நோட்டுல ஒன்பது பேர் எழுதியிருக்கீங்களே. விழுந்தவங்களை எங்க உட்கார வச்சாங்கன்னு எழுதியிருக்கா?"

"இல்ல டீச்சர்."

"இந்த நாற்காலியிலதான். ஒன்பது பேரும். அந்த மாசமா இருந்த பொண்ணு ஆம்புலன்ஸ் வர வரைக்கும் என் மடியில தலை வச்சிருந்தா. தண்ணி கொடுத்தது யாரு, டெட்டால் வச்சது யாரு, அதுக்கெல்லாம் உங்க நோட்டுல கட்டம் கிடையாதா?"

நாள், நேரம், வண்டி, அடி, இடம் என்று ஐந்தே கட்டங்கள்தான் போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"சரி, போங்க," என்றார். "டேப்பையாவது விட்டிருக்கலாம்."

நோட்டீஸ், ஆட்சேபணை, முறையீடு எல்லாம் முடிந்து ஜேசிபி வந்தது. ஒரு வீட்டின் முன்பகுதி போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. டீச்சர் வீட்டுக்கு மட்டும் அரை மணி. சுண்ணாம்புச் சுவர் சீக்கிரம் உதிர்ந்துவிட்டது, டைல்ஸ் ஒட்டிய பகுதிதான் கொஞ்சம் அடம் பிடித்தது. வராந்தாவும் முன்னறையும் போனபின் பின்னால் சமையலறையும் ஒரு படுக்கையறையும் நின்றன. பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் அவர் சமையலறை அலமாரி தெரிந்தது. அப்படியொரு வீட்டில் யாரும் இருக்க முடியாது. நூம்பலில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போனார்.

மெக்கானிக்கின் கடையும் போனது. சாலையின் இந்தப் பக்கம், என் வீட்டுச் சுவரோரம், குடை ஒன்றை நட்டு உட்கார்ந்திருக்கிறார். வாடகை கேட்பேனா என்று முதல் நாள் கேட்டார். கேட்க மாட்டேன் என்றேன்.

"கேக்க மாட்டே. நீ நோட்டுல எய்தித் தொலச்ச பாவம் கீதே," என்று சொல்லி ஸ்பேனரைத் துடைத்தார். அதற்கப்புறம் யார் விழுந்தார்கள் என்று அவர் என்னிடம் கேட்டதில்லை.

பழைய பாலத்துக்கு இரும்பு வேலியும் ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். பூட்டியிருக்கிறது. அதன்மேல் யாரும் நடக்க முடியாது. வேலிக்குள் இளநீர் மட்டையும் பாலிதீன் பையும் சேர்கின்றன. லாரிகள் புதுப் பாலத்தில் வருகின்றன. டீச்சர் சொன்னபடியே தெரு என்று ஒன்று இப்போது இல்லை. கோயிலுக்குப் போக நான் சாலையைத் தாண்டுவதற்கு மூன்று நான்கு நிமிடம் நிற்கிறேன்.

என் மனைவி மாதம் ஒருமுறை நூம்பலுக்குப் போவாள். என்னைக் கூப்பிட மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். சாலை திறந்து ஒரு வருடம் ஆனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கூடக் கிளம்பினேன்.

கதவைத் திறந்த டீச்சர் இளைத்திருந்தார். உள்ளே வாங்க என்றார். ஃப்ளாட் சுத்தமாக இருந்தது. பால்கனியிலிருந்து இன்னொரு ஃப்ளாட்டின் பால்கனி தெரிந்தது. லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது, முட்டி வலி, கீழே போவதில்லை என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சர்க்கரை குறைவாகக் காபி கொடுத்தார். அது நினைவிருந்தது அவருக்கு. அரை மணி நேரம் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் எழுந்தபோதுதான் கேட்டார்.

"புது ரோட்டுல யாராவது விழுந்தாங்களா தம்பி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒருவர், இருவர் என்று சொன்னால் அவருக்கு ஏதாவது கிடைக்கும் என்று. என்னால் முடியவில்லை.

"இல்ல டீச்சர்."

"நல்லாப் பாத்தீங்களா? ஒருத்தரும்?"

"ஒருத்தரும் இல்ல."

தலையை ஆட்டினார். காபி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார்.

"அப்ப நான் யாரைத்தான் திட்டறது?" என்றார்.

என் மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள், இடது கையால். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனேன். அது ஓடாமல் நின்றிருந்தது. படியில் இறங்கினேன்.